வழுக்காத கற்கள்

பொய் சொல்லாத ஒரு மீட்டராவது நாட்டில் மிஞ்சியிருந்தால் ஓவியாவுக்கு அந்த உத்தியோகமே வந்திருக்காது. அவள் பாட்டுக்கு நாகப்பட்டினத்தில் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திக்கொண்டு, மதியம் ஒரு தூக்கம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். மிஞ்சவில்லையே, என்ன செய்ய? நாற்பத்து நான்கு வயதில் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தாழையாற்றில் குனிந்து கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது கல் பார்க்க வேண்டும். பதினெட்டு முடிந்துவிட்டது. பெட்டியில் போட அகப்பட்டது ஒரே ஒரு தட்டான் குஞ்சு.

கரையில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோகித் உட்கார்ந்திருந்தான். அவன் சாட்சி. எண்ணுகிறவர் எண்ணியது சரி என்று கையெழுத்துப் போட ஒருவர் கூடவே வரவேண்டும் என்பது சட்டம். முப்பது வயது, வேலைக்குப் புதுசு, வாய் சும்மா இருக்காது.

"மேடம், ஒரு சந்தேகம். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நிலாவுல இட்லிக் கடையே வந்தாச்சு. நாம இங்க உக்காந்து பூச்சி எண்ணிட்டிருக்கோம். தண்ணி நல்லாருக்கா இல்லையான்னு பாக்க ஒரு மெஷின் கூடவா கிடையாது?"

"ஒண்ணா? பத்தாயிரம் மெஷின் இருந்துச்சு. என்ன நம்பர் வேணும்னு நாம சொன்னா, அதையே அது திருப்பிச் சொல்ற வித்தையைக் கண்டுபிடிச்சாங்க பாரு, அன்னிக்குப் போச்சு எல்லாம். படம், ரிப்போர்ட், லேப் சர்டிபிகேட், எதையும் இப்போ கோர்ட்டு நம்பறதில்ல. சாயத் தண்ணி ஓடற ஆத்துக்கு இளநீர்னு சர்டிபிகேட் வந்து நின்னா நீதிபதிதான் என்ன பண்ணுவாரு?"

"அதுக்குப் பூச்சியா?"

"பொய் சொல்லத் தெரியாத சாட்சியைத் தேடினாங்க. இதுதான் கிடைச்சுது." ஓவியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மூணு வால் வெச்ச குஞ்சுப்பூச்சி ஒண்ணு இருக்கு. மாசக்கணக்கா தண்ணிக்கு அடியில கல்லைக் கட்டிக்கிட்டுக் கிடக்கும். தண்ணி கொஞ்சம் கெட்டாலும் செத்துடும். அது இருந்தா பத்து மார்க். மணலை ஒட்ட வெச்சுக் கூடு கட்டிக்கிற புழுவுக்கு எட்டு. தட்டான் குஞ்சுக்கு ஆறு. நத்தைக்கு மூணு. சாக்கடையிலயும் நெளியற செம்புழுவுக்கு ஒண்ணு. இப்படி முப்பது வகைக்கு மார்க் இருக்கு, எத்தனை வகை அகப்படுதோ அத்தனையும் கூட்டணும். மெஷின் இந்த நிமிஷத்துத் தண்ணியத்தான் பாக்கும். இது மாசக்கணக்கா ஓடின தண்ணியில குடியிருந்து பாத்திருக்கு."

"அப்ப அதுங்க வீட்டு ஓனர் இல்ல, வாடகைக்காரங்க. வீடு சரியில்லன்னா காலி பண்ணிடும்."

"காலி பண்ணாது. செத்துப் போகும்."

இருபதாவது கல்லின் அடியில் ஒரு நத்தை இருந்தது. ஆறும் மூன்றும் ஒன்பது. போன தடவை பதினான்கு. ஓவியா அந்த ஈரக் கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வருத்தத்தைவிட ஆச்சரியமாக இருந்தது. எத்தனையோ கெட்ட ஆறுகளை அவள் பார்த்திருக்கிறாள். கெட்ட ஆற்றில் நல்லதுகள் போய்விடும், கெட்டதுகள் பெருகிவிடும். கல்லைத் தூக்கினால் செம்புழுவும் அட்டையும் சேமியா பாயசம்போல நெளியும். இங்கே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. தண்ணீரோ கண்ணாடி. மீன் துள்ளுகிறது. விஷம் கலந்திருந்தால் மீனல்லவா முதலில் மிதக்கும்?

"இதுல என்னமோ இருக்கு லோகித்," என்றாள்.

"ஒண்ணுமே இல்லைங்கறதுதானே மேடம் பிரச்சினை?" என்றான் அவன்.

பிரச்சினை பெரிதுதான். நாற்பதுக்குக் கீழே மூன்று தடவை வந்தால் ஆறு செத்ததாகத் தீர்ப்பு. செத்த ஆற்றை அதற்குப் பிறகு தரையில் ஓட விடமாட்டார்கள். குழாய்க்குள் அடைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடி, நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரு கம்பெனியிடம் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். நொச்சிக்காட்டுப்புதூர் ஜனங்கள் குடிப்பதும் குளிப்பதும் மஞ்சளுக்குப் பாய்ச்சுவதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். இரண்டு தடவை ஆகிவிட்டது. மிச்சம் ஒன்று.

ஊராரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. எந்தப் பூச்சிக்கு எத்தனை மார்க் என்று தெரிந்த ஊர்களில், அந்தப் பூச்சியைப் பாக்கெட்டில் வாங்கி வந்து கல்லுக்கடியில் விட்டுவிட்டார்கள். அதனால் பள்ளிப் புத்தகத்திலிருந்தே அந்தப் பாடத்தைக் கிழித்தாயிற்று. எண்ணும்போது ஊர்க்காரர்கள் இருநூறு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். எண்ணுகிறவர் கல், பூச்சி, படுகை என்று வாயைத் திறந்தால் வேலை போகும், எண்ணிக்கையும் செல்லாது. அதைவிடக் கொடுமை, ஊர்க்காரன் கை படுகையில் பட்டது தெரிந்தால் மூன்றாவது எண்ணிக்கையே கிடையாது. ஆறு அன்றைக்கே போயிற்று. நல்ல எண்ணமா கெட்ட எண்ணமா என்று சட்டம் கேட்காது. எண்ணுகிறவரும் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும், ஏனென்றால் பூட்ஸ் அடியில் பூச்சியை ஒட்டிக்கொண்டு வந்த பெரிய மனுஷர்களும் உண்டு. இப்படி ஒரு சட்டம்.

பத்தொன்பது ஆறுகளுக்குப் போகிறவள் ஓவியா. மற்ற ஊர்களில் அவளைப் பார்த்தால் எமனைப் பார்த்ததுபோல் ஒதுங்குவார்கள். புதூரில் மட்டும்தான் வாசலில் கோலம் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து, "வாங்க அம்மிணி" என்பார்கள். அதற்குக் காரணம் ஒரு கால் சுளுக்கு. முதல் எண்ணிக்கைக்கு நாள் குறிக்க வந்தபோது, பாசி பிடித்த கல்லில் வழுக்கி விழுந்து கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஊர்த் தலைவி தர்ஷினி அவளைத் தன் வீட்டில் மூன்று நாள் படுக்கவைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டாள். பெயரைக் கேட்டு யாரும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம்; அந்தக் காலத்துப் பெயர் அது. தர்ஷினியக்காவுக்கு அறுபது வயது, தலை முழுக்க நரை, குரல் கிழக்கே கூப்பிட்டால் மேற்கே கேட்கும்.

"எங்கூருக்கு வந்த ஒரம்பரை காலை ஒடிச்சுக்கிட்டுப் போனா நாலு சனம் எங்களை என்னன்னு பேசும்?" என்று அந்த மூன்று நாளும் அங்கலாய்த்துக்கொண்டே இருந்தாள். பெற்ற தாயும் இல்லாமல், கட்டியவனும் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுகிற ஓவியாவுக்கு, ஒரம்பரை என்று தன்னையும் ஒருவர் உறவு முறை வைத்துச் சொன்னது தித்திப்பாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

*

மூன்றாவது எண்ணிக்கைக்கு நாற்பது நாள் முன்னால் நாள் குறிக்க வந்தார்கள். நோட்டீசை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியாயிற்று. லோகித் ஜீப்புக்கு சார்ஜ் போடப் போனான். வெயில் சுள்ளென்று அடித்ததால் முகம் கழுவலாம் என்று ஓவியா ஆற்றுக்கு இறங்கினாள். எண்ணும் இடத்துக்கல்ல, அதற்கு மேலே அரை மைல் தள்ளி, பாறை மறைவில் ஒரு வளைவு.

முகத்தைக் கழுவிவிட்டு, கைப்பழக்கம், காலடியில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கித் திருப்பினாள்.

அம்மாடி! கல் முழுக்க மூன்று வால்கள். அரிசி அளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரைக்கும், தட்டையாக, வெயிலைக் கண்டு இங்குமங்கும் ஓடின. பக்கத்தில் மணற்கூடுகள். அவள் அடுத்த கல்லைத் திருப்பினாள், அதற்கடுத்த கல்லை. எல்லாவற்றிலும் திருவிழாக் கூட்டம். பச்சைப் பாசி கொழகொழவென்று அவள் விரலில் ஒட்டியது. குஞ்சுகளுக்குச் சாப்பாடே அந்தப் பாசிதான்.

ஆறு சாகவில்லை. கொழுத்துப்போய் இருக்கிறது. அப்படியானால் இதே தண்ணீர் அரை மைல் ஓடி எண்ணும் இடத்துக்குப் போவதற்குள் என்ன ஆகிறது? நடுவில் ஒரு ஓடைகூட வந்து சேரவில்லை. கம்பெனிக்காரன் எண்ணும் நாளுக்கு முன்னால் வந்து எதையாவது கொட்டுகிறானா? கொட்டினால் மீன்? மீன் எப்படித் தப்பிக்கிறது? யோசித்துக்கொண்டே நடந்தவள் தர்ஷினி வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தாள்.

கொல்லையில் ஒரு வண்டிப் பாரம் தேங்காய் நார் குவிந்திருந்தது. பக்கத்தில் அண்டா நிறையப் பழம்புளி, மூட்டை மூட்டையாக அடுப்புச் சாம்பல். தர்ஷினி நாரைப் பிரித்துப் பந்து பந்தாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அம்மிணி! என்னத்தைப் பாக்கறீங்க? எல்லாம் உங்களுக்குத்தேன்."

"எனக்கா? எதுக்குக்கா?"

"சொல்லக்கூடாதுன்னுதேன் இருந்தேன். பாத்துப்போட்டீங்க, இனி என்ன?" தர்ஷினி வெட்கத்தோடு சிரித்தாள். "அன்னிக்கு நீங்க உழுந்து எந்திரிச்சதுல இருந்து எங்களுக்கு மனசே ஆறலீங்க. அதனால நீங்க வர்றதுக்கு மொத நா, நாங்க பொம்பளைங்க அறுபது பேரு அந்த எடத்துல எறங்கி, ஒவ்வொரு கல்லையும் பொரட்டிப் பொரட்டி, புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைக் குண்டா தேய்க்கறாப்புல தேச்சு வெச்சுப்போடறோம். அப்புறம் ரெண்டு தடவை வந்தீங்களே, வழுக்குச்சுங்களா? சொல்லுங்க?"

"இல்ல," என்றாள்.

"வழுக்காது! இந்தத் தடவை ஊரே எறங்குது. ஆத்துக்கு நல்ல சேதி சொல்ல வர்ற புள்ள, கல்லு முள்ளு குத்தாம நடக்கோணுமில்ல?"

ஓவியா அங்கே கிடந்த அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா? இந்தப் பாவிகள் அவள் மேல் வைத்த பாசத்தாலேயே ஆற்றைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். அறுபது பேர் கை, புளி, சாம்பல்! செம்புழுகூட மிஞ்சாததில் என்ன அதிசயம்?

சொல்லிவிடலாமா? 'கல்லைத் தொடாதீர்கள் அக்கா' என்று மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தையைத் தர்ஷினி அறுபது பேரிடம் சொல்ல வேண்டும்; அறுபது பேரும் ஏன் என்று கேட்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சந்தையில் இரண்டு பேர் பேசினால் கம்பெனிக்காரன் காதுக்குப் போய்விடும், படுகையில் கை பட்டது என்று மறுநாளே கோர்ட்டில் நிற்பான். அப்புறம் எண்ணிக்கை ஏது, ஆறு ஏது? நியாயமாகப் பார்த்தால் இதை இப்போதே லோகித்திடம் சொல்லி எழுதிக்கொடுப்பது அவள் கடமை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நத்தையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள் அவள். முதல் தடவையாக அவள் ஒன்றை மறைக்கத் தீர்மானித்தாள்.

மறைத்தால் மட்டும் போதாதே. தேய்ப்பதை நிறுத்த வேண்டும். ஆற்றைப் பற்றிப் பேசக் கூடாது, கல்லைப் பற்றியும் பேசக் கூடாது. இவர்கள் தேய்ப்பது ஆற்றுக்காக இல்லை. யாருக்காக?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும், ஜீப்பில் கிடந்த ஒரு தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். லோகித் ஏற்கெனவே உட்கார்ந்து ஒப்புட்டை விண்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். சந்தவையும் தேங்காய்ப் பாலும் மணத்தன. தர்ஷினி வழக்கம்போல் முதலில் சொம்பை நீட்டினாள்.

"தண்ணி குடிங்க அம்மிணி."

ஓவியா இலை முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் சொம்பை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மடக் மடக்கென்று குடித்தாள். குழாய் போடக் காத்திருக்கும் அந்தக் கம்பெனியின் தண்ணீர் அது. பாட்டில் மேல் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஒடம்பு சொகமில்லீங்களா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இப்படியே நல்லா இருக்கணும்னுதான் பாட்டில் தண்ணி. இதையெல்லாம் நான் ஒவ்வொரு தடவையும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன்."

தர்ஷினி வலுக்கட்டாயமாகச் சிரித்து, "சரி, அது கெடக்குது, ஒரு வாய் சாப்புடுங்க" என்று இலையில் ஒப்புட்டை வைத்து நெய்யை விட்டாள்.

ஓவியா அதைத் தொடவில்லை. இலையின் ஓரத்தைப் பிடித்து, சாவு வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள்.

லோகித்துக்குத் தொண்டையில் ஒப்புட்டு நின்றுவிட்டது. ஒரு பெண் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கூட்டுல எழவா உழுந்துருக்குது?" தர்ஷினியின் குரல் முதலில் எழும்பவே இல்லை. பிறகு எழும்பியது. "உன்ற காலைப் புடிச்சு எண்ணெ போட்டு உருவுன கையிது! சோத்துல என்னடி கொறை கண்டே?"

"காலைப் பிடிச்சா மார்க் போடுவேன்னு பிடிச்சீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள் ஓவியா. இந்தப் பொய்தான் அவளுக்குச் சொல்ல எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"போயிரு. எங்கூட்டு வாசப்படிய நீ இனி மிதிக்கப்படாது. உன்ற வேலை என்னமோ அதைப் பாத்துப்போட்டு அப்படியே போயிரோணும்." தர்ஷினி திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "இந்த நன்றிகெட்டவளுக்காடி நாம முதுகொடியப் பாடுபட்டோம்? அந்த நாரைத் தூக்கி அடுப்புல போடுங்கடி!"

ஜீப் ஊரைத் தாண்டியதும், "நார் என்னத்துக்கு மேடம்?" என்றான்.

"யாருக்குத் தெரியும்? கயிறு திரிக்கறதுக்கா இருக்கும்."

"ஒண்ணு சொல்லட்டுமா? உங்கமேல எனக்கு ரொம்ப மரியாதை இருந்துச்சு." இருந்துச்சு என்பதை அவன் அழுத்திச் சொன்னான். ஓவியா வெளியே மஞ்சள் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பசித்தது.

*

நாற்பது நாள் கழித்து அவர்கள் வந்தபோது வாசலில் கோலமும் இல்லை, வாங்க என்று சொல்ல ஆளும் இல்லை. இருநூறு அடி தள்ளி, கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஓவியா வெறுங்காலை ஆற்றில் வைத்தாள். இரண்டாவது அடியிலேயே கால் சர்ரென்று போய், தொபுக்கடீரென்று உட்கார்ந்தாள். இடுப்புவரை நனைந்துவிட்டது. முழங்கையில் ரத்தம். கரையில் சிரிப்பு வெடித்தது. "உழட்டும்! இன்னும் ரெண்டு தடவை உழட்டும்!" என்று ஒரு பெண் கத்துவது கேட்டது. லோகித்கூட எழுந்து வரவில்லை.

தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே ஓவியா உள்ளங்கையால் கல்லைத் தடவினாள். கொழகொழவென்று பாசி. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடிக்கத்தான் ஆள் இல்லை. முதல் கல்லைத் திருப்பினாள். மூன்று வால் குஞ்சுகள் நாலாபக்கமும் ஓடின.

இருபது கல் முடிந்தபோது மொத்தம் ஐம்பத்து மூன்று. படிவத்தின் கடைசிக் கேள்வி, 'படுகையில் மனிதக் கை பட்டதா?' என்பது. இல்லை என்று எழுதினாள். இந்தத் தடவைக்கு அது உண்மை. போன இரண்டு தடவையும் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் எழுதியிருந்தாள் என்பதை அவள் நினைக்காமல் இல்லை. லோகித் பூச்சிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டான். அவன் முகம் குழம்பியிருந்தது.

"ஒன்பதுல இருந்து ஐம்பத்து மூணு. எப்படி மேடம்?"

"பூச்சியைக் கேளு. அதுதான் பொய் சொல்லாது."

ரேஷன் கடை முன்னால் தீர்ப்பைப் படித்தாள். தாழையாறு உயிரோடிருக்கிறது. ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் பறை முழங்கியது, பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். தர்ஷினி தரையில் விழுந்து ஆறு இருந்த திசையைக் கும்பிட்டாள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே ஜீப்புக்கு வந்தாள். ஓவியாவைப் பார்க்கவில்லை. லோகித்தைப் பார்த்துப் பேசினாள்.

"தம்பி, இனி வருசா வருசம் எண்ணோணுமாமே? இந்தப் பொம்பளை வேண்டாம்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுருக்கறோம். நல்ல புள்ளையா ஒருத்தியை அனுப்பச் சொல்லுங்க. தாயாட்டம் பாத்துக்குவோம்."

"இவங்களே சென்னைக்கு மாத்தல் கேட்டிருக்காங்கம்மா. கெடைச்சிரும்."

உண்மைதான். ஆறு ஆறாக இறங்கி ஏறி முழங்கால் தேய்ந்துபோய், ஆபீஸ் நாற்காலி கேட்டு எழுதியிருந்தாள். அடுத்த வாரம் உத்தரவு வந்துவிடும்.

"கெடைக்கட்டும், நல்லது. வர்ற புள்ள இவளாட்டம் இல்லாம மனுசியா இருந்தாப் போதும். அவ காலு வழுக்காம இருக்க நாங்க எல்லாம் ஆத்துக்குள்ள எறங்கி..."

லோகித்தின் கையில் பேனா திறந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சும்மா நிறுத்துங்க!" ஓவியா போட்ட சத்தத்தில் பறை நின்றுவிட்டது. "ஆத்துக்குள்ள இறங்கிக் குளிச்சாவது தொலைங்க. பக்கத்துல நிக்க முடியல, அப்படி நாறுது. இந்த ஊர்க்காரங்க மூஞ்சியில முழிச்சாலே எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கறதில்ல."

தர்ஷினி சொல்ல வந்ததை மறந்து போனாள். அவள் முகம் சிவந்து, உதடு துடித்தது. "போடி!" என்று மண்ணை வாரி ஜீப்பின் மேல் வீசினாள்.

"நல்லா வீசுங்க. மாத்தல் வேணாம்னு இன்னிக்கே எழுதிக் கொடுக்கப் போறேன். அடுத்த வருஷமும் நான்தான் வருவேன். அதுக்கடுத்த வருஷமும் நான்தான். ஆளைப் பிடிக்கலைங்கறது சட்டத்துல ஒரு காரணமே கிடையாது, தெரிஞ்சுக்குங்க."

ஜீப் கிளம்பியது. புதூர் எல்லை தாண்டும்வரை கல்லும் மண்ணும் பின்னால் விழுந்துகொண்டிருந்தன. லோகித் அவளை ஒரு விநோத ஜந்துவைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"இனிமே இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி கிடைக்காது மேடம். வேணும்னே வாங்கிக் கட்டிக்கிறீங்களே, எதுக்கு?"

ஓவியா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தினாள். ஓய்வு பெற இன்னும் பதினாறு வருஷம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, போன வருஷத்துக் கோபம் ஆறிப்போகாதபடி, புதுசாக ஏதாவது சொல்லித் திட்ட வேண்டும். அடுத்த வருஷத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.